இரண்டாந் தூக்கக்காரி

காலைப் பொழுது பாதி போன பிறகு தூங்கி எழுந்து வருகிற ஒரு குடியானவப் பெண்ணை, பரமத்தி வேலூருக்கு வரும்வரை நான் பார்த்ததில்லை. அவர் நோயாளி அல்ல, சோம்பேறியும் அல்ல. எங்கள் கொல்லைக்கும் அவர் வீட்டுக் கொல்லைக்கும் நடுவே கிளுவை வேலி இருந்தது. அதில் ஓரிடத்தில், உடம்பைச் சுருக்கிக்கொண்டு ஓர் ஆள் நுழையும்படி சந்து விட்டிருந்தார்கள். நான் குழந்தையின் துணிகளை உலர்த்துகிற நேரத்தில் அந்தச் சந்தில் வந்து நிற்பார். தலை கலைந்திருக்கும். ஒரு பக்கத்துக் கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருக்கும். வாயில் வெற்றிலை. சிறிது மென்றுவிட்டு வேலியோரமாகத் துப்புவார். துப்பியதை, இடுப்பில் கை வைத்துக் குனிந்து உற்றுப் பார்ப்பார். "நெசந்தான்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்புவார்.

"ஏனம்மிணி, தொவைச்சாச்சா?"

முதல் நாள் அதைப் பார்த்து நான் நடுங்கிப்போனேன். மண்ணில் சிவப்பாகக் கிடந்ததை இரத்தம் என்று எண்ணி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திவிட்டேன். வெற்றிலைக்குப் பேர்போன ஊரில் வெற்றிலை போட்டுத் துப்பிய ஒருத்தரைப் பார்த்து க்ஷயரோகம் என்று பயந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். குழந்தை பிறந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கெட்டதுதான் தோன்றும். இப்போதும் அப்படித்தான். இரண்டாவது குழந்தை தொட்டிலில் சற்று அதிக நேரம் சத்தமில்லாமல் கிடந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். அவள் முறைக்கிறாள்.

நான் சொல்வது யுத்த காலத்துக் கதை. என் கணவருக்குச் சேலத்தில் சர்க்கார் உத்தியோகம். அங்கே வீடு கிடைக்கவில்லை. அதனால் பிரசவம் முடிந்து, மூன்றாம் மாதத்தில் கைக்குழந்தையோடு வேலூரில் மாமனார் வீட்டில் வந்து இருந்தேன். கணவர் சனிக்கிழமை தோறும், பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு இருமி இருமி ஓடும் பஸ்ஸில் வந்து இறங்குவார். மாமியார் முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் மாமனாரும் நானும் குழந்தையும்தான்.

வேலிக்கு அப்பால் இருந்தவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். தெருவில் எல்லோரும் "கனாக்காரி" என்றார்கள். அதில் அவருக்குக் கோபம் இல்லை. பட்டம் வாங்கினவரைப் போலத்தான் திரும்பிப் பார்ப்பார்.

அவரும் அவர் வீட்டுக்காரரும் கொடிக்காலில் வேலை செய்தார்கள். வெயில் ஏறுவதற்குள் வெற்றிலையைக் கிள்ளியாக வேண்டும். ஆகவே கோழி கூப்பிடும்போதே கிளம்பிவிடுவார்கள். ஆண்கள் ஏணி வைத்துக் கிள்ளிப் போட, பெண்கள் கவுளி கவுளியாக அடுக்கி வாழைநாரால் கட்டுவார்கள். கட்டு மண்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் வீடு திரும்பி, கஞ்சியைக் குடித்துவிட்டு, அக்கா மறுபடியும் படுத்துவிடுவார். ஊர் முழுக்க விழித்திருக்கும் வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற அந்தத் தூக்கத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் ரெண்டாந் தூக்கம்.

"மொதத் தூக்கம் மாட்டுத் தூக்கம் அம்மிணி" என்பார். "ஒடம்பு அலுத்துப் படுக்குது, அதுல கனா வந்தாலும் சந்தைக் கூட்டம் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு மோதிக்கிட்டுப் போயிரும். எந்திரிச்சா ஒண்ணும் நெனப்பு இருக்காது. ரெண்டாந் தூக்கம் அப்படியில்ல. ஒடம்பு படுத்துக்கும், ஆளு முழிச்சிக்கும்."

"முழிச்சுக்கிட்டா அது தூக்கமாங்கக்கா?"

"அதான் சொல்றன்ல? தூக்கந்தான். ஆனா, தூங்கறேன்னு தெரியும். கனாவுக்குள்ள நின்னுக்கிட்டு, அட இது கனான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுபோச்சுன்னா அப்பறம் அது என்ற கனா. நான் சொன்ன மாதிரி நடக்கும்."

துப்பிப் பார்க்கிற வழக்கம் அங்கேதான் தொடங்கியதாம். கனவில் போடுகிற வெற்றிலை சிவப்பதில்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஒரு தடவை கனவில் மண்டி வாசலில் நின்று மென்று துப்பினாராம். தண்ணீராட்டம் வெள்ளையாக விழுந்ததாம். "கொடிக்கால்காரி போட்ட வெத்தலை செவக்காம இருக்குமா? அப்பத்தான் தெரிஞ்சுது." உடனே அவர் செய்த முதல் காரியம், மண்டிக்காரரை இரண்டு விரலால் தூக்கிக் கூரை மேல் வைத்தது. அன்றிலிருந்து விழித்திருக்கும்போதும் சந்தேகம் வந்தால் துப்பிப் பார்த்துவிடுவார். தூங்கி எழுந்ததும் கட்டாயம் பார்ப்பார். விழித்தது உண்மையான விழிப்பா, கனவுக்குள் விழிப்பா என்று உறுதி செய்துகொள்ளாமல் நாளைத் தொடங்கமாட்டார்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இதெல்லாம் நடக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. நடக்காது என்று சொல்லவும் தைரியம் இல்லை. அவர் சொல்லும்போது அவ்வளவு துல்லியமாக இருக்கும். காவேரியின் மேல் நடந்து அக்கரைக்குப் போனபோது உள்ளங்காலில் தண்ணீர் ஜில்லென்று இருந்ததையும், நடு ஆற்றில் ஒரு மீன் நிமிர்ந்து பார்த்ததையும், அந்த மீனின் செதிலில் தாம் கட்டியிருந்த புடவையின் பச்சை தெரிந்ததையும் சொல்வார். கொல்லிமலை மேல் பறந்தபோது மேகம் வாயில் புகுந்து புளித்ததாம். ஆனால் இவ்வளவு சக்தி கையில் கிடைத்தும் அவர் பெரிதாக எதையும் ஆசைப்பட்டதில்லை. முழுப் பலாப்பழத்தை ஒருத்தருக்கும் கொடுக்காமல் தின்பார். பஸ்ஸை ஓட்டுவார். டிரைவரைப் பின்னால் கரி தள்ளச் சொல்வார். வீட்டுக்காரரின் மீசையைப் பெரிதாக்குவார், பிடிக்காவிட்டால் எடுத்துவிடுவார்.

வீட்டுக்காரர் சாதுவான மனிதர். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடமே முறையிட்டார்.

"பாருங்கம்மிணி, கனாவுல நான் எவளையோ பாத்துச் சிரிச்சனாம். அதுக்கு இன்னிக்குக் கஞ்சிக்கு ஊறுகா இல்லைங்கறா."

"சிரிச்சயா இல்லையா?" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

"உன்ற கனாவுல நான் சிரிச்சா அதுக்கு நானா பொறுப்பு?"

"என்ற கனாவுல நான் சொல்லாம எதுவும் நடக்காது. நீ மட்டும் சொல்லாமச் சிரிச்சே. அப்ப எவ்வளவு கெட்டிக்காரன் நீ!"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தூக்கத்தைப் பற்றி அக்காவிடம் சட்டங்கள் பல இருந்தன. இரவில் மொச்சைக்கொட்டை தின்றால் கனவில் சண்டை வரும். மல்லாந்து படுத்தால் அமுக்குவான் வந்து நெஞ்சில் உட்காருவான். வலப்பக்கம் ஒருக்களித்தால் கனவு நீளமாக வரும். இடப்பக்கம் படுத்தால் செத்துப்போன சொந்தக்காரர்கள் வந்து சாப்பிட உட்காருவார்கள். கண் விழித்ததும் புரளக் கூடாது, புரண்டால் கனவு பாயில் கொட்டிவிடும். நான் எதையும் செய்து பார்க்காமல் விடமாட்டேன். மொச்சை தின்று படுத்தேன். சண்டை வரவில்லை, வயிற்றுவலிதான் வந்தது, குழந்தைக்கும் சேர்த்து. அக்காவிடம் சொன்னபோது, "வயிறு சண்டை போட்டுச்சுல்ல?" என்று வெற்றி பெற்றவரைப் போலச் சிரித்தார். தோற்கிற பழக்கமே அவருக்கு இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் என் கண்ணாலேயே பார்த்தேன். அவருடைய கனவுக்கும் கல்யாணங்களுக்கும் சம்பந்தம் இருந்தது. வைகாசியில் முகூர்த்தம் தொடர்ந்து வரும். ஊர் ஊராக வெற்றிலை கேட்பார்கள். கொடிக்காலில் காலையும் மாலையும் வேலை, ரெண்டாந் தூக்கம் கிடையாது. அந்த மாதம் முழுக்க அக்கா வேலிப்பக்கம் வந்து துப்பிவிட்டுப் பார்க்காமலே போவார். "பாக்கறதுக்கு என்ன இருக்குது? எல்லாம் நெசந்தான், கருமம்" என்பார். முகம் சுண்டிப்போயிருக்கும். கல்யாண ஊர்வலம் தெருவில் போனால் பெண் மாப்பிள்ளையை முறைத்துப் பார்ப்பார். ஆடி பிறந்தால் கல்யாணம் இல்லை, வெற்றிலைக்குக் கேட்பில்லை. கொடிக்கால்காரர்கள் எல்லோரும் ஆடியைத் திட்டுவார்கள். அக்கா மட்டும் பாயைத் தட்டி வெயிலில் போடுவார். ஆடி மாதத்துக் கனவுகளுக்குச் சரிகை வைத்திருக்கும் என்று அவர் சொன்னதுண்டு.

அந்த ஆடியில்தான் என் கஷ்டத்தை அவரிடம் சொன்னேன்.

குழந்தை இரவில் பல தடவை விழித்து அழுதான். விடியுமுன் மாமனார் எழுந்து ஸ்லோகம் சொல்லத் தொடங்குவார், அதற்குள் காபி ஆகியிருக்க வேண்டும். மாமனார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் விடிந்த பிறகு படுக்கையில் கிடப்பவன் பரீட்சையில் தேறமாட்டான் என்று ஆயுள் முழுவதும் மாணவர்களுக்குச் சொன்னவர். வீட்டில் பரீட்சை எதுவும் இல்லாவிட்டாலும் விதி இருந்தது. பகலில் நான் பாய் விரித்துப் படுத்ததே இல்லை.

அப்படிக் கிடைத்த சொற்பத் தூக்கத்தில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. வாய்க்கால் படியில் துணி துவைக்கிறேன், குழந்தை கை நழுவி நீருக்குள் போகிறான், நான் எழுந்திருக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான். விழித்த பிறகும் கை ஈரமாக இருப்பதுபோல் தோன்றும். பிறகு கண்ணை மூடவே பயம். தூக்கம் குறையக் குறையப் பால் குறைந்தது. குழந்தை உறிஞ்சிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. பார்க்க வந்த மருத்துவச்சி, "தாய் தூங்காட்டி பாலு எங்கிருந்து ஊறும்? இப்படியே போனா ஒரு மாசத்துல வத்திப்போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு மாசம் என்ற சொல் என்னை மேலும் தூங்கவிடாமல் செய்தது.

அக்கா இதைக் கேட்டுக் கொஞ்சமும் கலங்கவில்லை.

"இதுக்கா அழுவாங்க? அது கனான்னு தெரிஞ்சாப் போதுமே. புள்ளையக் கையப் புடிச்சுத் தூக்கு, அப்பறம் அப்படியே மேல பறந்துரு."

"எப்படிங்கக்கா தெரியறது? நான் வெத்தலை போடறதில்லை."

"உனக்குன்னு ஒரு அடையாளம் வெச்சுக்கோ. பகல்ல எதை நெசமா நெசமான்னு பாத்துக்கிட்டே இருக்கறயோ, அது கனாவுக்குள்ளயும் வந்து கேக்கும்."

நான் யோசித்து, குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். கனவில் வாசனை தெரியாது என்று எப்போதோ யாரோ சொன்னது. காலை, மதியம், மாலை, அடுப்படி, கொல்லை, எங்கே நின்றாலும் குழந்தையின் தலையை முகர்ந்தேன். மாமனார் இரண்டு நாள் கவனித்துவிட்டு, "குழந்தைக்கு ஜலதோஷமா, உனக்கா?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் இல்லை என்றேன். அவர் மேலே கேட்கவில்லை, மிளகு ரசம் வைக்கச் சொன்னார்.

கனவு முன்போலவே வந்தது. அதில் முகர்ந்து பார்க்க எனக்கு ஞாபகமே வரவில்லை.

"வராது" என்றார் அக்கா. "நீ தூங்கறது மாட்டுத் தூக்கம். அதுக்கும் பாதி. காலையில புள்ளைக்குக் குடுத்துட்டு ரெண்டாந் தூக்கம் ஒண்ணு போட்டுப் பாரு."

"விடிஞ்ச பிறகா? மாமா இருக்காருங்களே."

"இருந்தா? அவரு கண்ணையா கேக்கப்போறே?"

"நான் எப்படிங்கக்கா போய்ச் சொல்லுவேன்?"

அக்கா வேலிக்கு மேலாக எங்கள் வீட்டுப் பின்கதவை ஒரு பார்வை பார்த்தார். பெரியவர்கள் எதிரில் அவரும் வாய் திறக்காதவர்தான். மாமனார் கொல்லைப்பக்கம் வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சந்திலிருந்து மறைந்துவிடுவார். "கனாவா இருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றார்.

அதற்கு ஒரு வாரம் கழித்து நடந்தது இது.

காலை. முன்கூடத்தில் மாமனாரும் அவருடைய சிநேகிதர், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டரும் பேப்பரில் யுத்தச் செய்தி படித்துக்கொண்டிருந்தார்கள். நான் கொல்லையில் இருந்தேன். அக்கா சந்தில் வந்து நின்றார், மென்றார், துப்பினார், குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வந்த பிரகாசத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

"அட!" என்றார். "செவக்கல!"

நானும் பார்த்தேன். மண்ணில் வெறும் பச்சைச் சக்கை கிடந்தது. எனக்கு விஷயம் பிடிபடுவதற்குள் அவர் முள்ளில் உரசாமல் சந்தில் நுழைந்து, என் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எங்கள் பின்கதவு வழியாக உள்ளே போய்விட்டார். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். நான் கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆரம்பமாகிவிட்டது.

"ஏய்யா வாத்தியாரே! உனக்குத் தூக்கம் வராதுங்கறதுக்காக ஊர்ல ஒருத்தருமே தூங்கக் கூடாதா?"

மாமனாரின் மூக்குக்கண்ணாடி நழுவியது. அவரை யாரும் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"உன்ற மருமவ மூஞ்சிய என்னைக்காச்சும் பாத்தியா? ராப்பூரா புள்ளைக்குக் குடுத்துட்டு, கோழி கூப்புட உனக்குக் காப்பி வெக்கறா. வெடிஞ்சு சித்த நேரம் கண்ண மூடுனா இந்த ஊட்டு உத்தரம் இடிஞ்சா உழுந்துரும்? அவளுக்குப் பால் வத்துது. புள்ளை காயறான். நீ என்னடான்னா செர்மன்காரன் எங்க வந்தான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறே."

"யாரம்மா நீ?" என்று போஸ்ட்மாஸ்டர் எழுந்தார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ பேசாத. உன்னைய இந்தக் கனாவுக்கு நான் கூப்படவே இல்லையே, எப்படி வந்தே?"

போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, கொஞ்சம் நிதானமாக..." என்றார் மாமனார்.

"நாளையிலிருந்து அவ தூங்கோணும். இல்லாட்டி உன்னையத் தூக்கிக் கூரை மேல வெச்சுருவேன். மண்டிக்காரனைப் போன வாரம் வெச்சேன். இன்னும் எறங்கல, போய்ப் பாரு!"

சொல்லிவிட்டு வாசற்படியில் போய் நின்றார். முந்தானையை இடுப்பில் செருகினார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. "அக்கா!" என்று கத்தினேன். அவர் ஒரு துள்ளுத் துள்ளி வானத்தை நோக்கிப் பறந்தார். பறந்து, தெருப் புழுதியில் முழங்கால் பட விழுந்தார்.

சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். தோல் சிராய்த்து இரத்தம் துளிர்த்திருந்தது.

"வலிக்குது" என்றார். மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, வலிக்குதே. நெசமா?"

"ஆமாங்கக்கா."

அவர் மாமனாரைப் பார்த்தார். போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தார். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, வந்த வழியே கூடம், அடுப்படி, கொல்லை என்று ஓடினார். இந்தத் தடவை கிளுவை முள் அவரை விடவில்லை. புடவைத் துண்டு ஒன்று வேலியில் நின்றுபோயிற்று.

மறுநாள் அவர் வீட்டுக்காரர் வாசலில் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "தப்பு என்ற மேலதானுங்க ஐயா. சுண்ணாம்பு தீந்துபோச்சு. வாங்கி வெக்க மறந்துட்டனுங்க."

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சுண்ணாம்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

சுண்ணாம்பு சேராத வெற்றிலை சிவக்காது, சிவக்காவிட்டால் அது கனவு, கனவானால் யாரையும் எதுவும் சொல்லலாம் என்பதை நான்தான் கதவுக்குப் பின்னால் நின்று விளக்க வேண்டியிருந்தது. மாமனார் முன்னாள் ஆசிரியராயிற்றே, நடுவில் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார். வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு, பேப்பரை எடுத்தார், வைத்தார்.

"நீ தூங்குவதில்லையா?"

"அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை மாமா" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை, நான் குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்ததும் மாமனார் கையை நீட்டினார். "குழந்தையை இப்படிக் கொடுத்துவிட்டு நீ போய்ப் படு. எட்டரைக்கு நான் எழுப்புகிறேன்." தலைமையாசிரியர் அல்லவா, தூக்கத்துக்கும் மணி வைத்தார். அறையில் பாய் விரித்துப் படுத்தேன். கூடத்திலிருந்து தொட்டில் ஆடும் சத்தமும், தாலாட்டு எதுவும் தெரியாத மாமனார் பேரனுக்குப் பதினாறாம் வாய்பாடு சொல்லும் குரலும் கேட்டன. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியவரை வேலை வாங்குகிறோமே என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் ஏழாவது வரிக்கு மேல் வாய்பாடு எனக்குக் கேட்கவில்லை.

நிஜமாகவே அன்று சுண்ணாம்பு தீர்ந்துதான் போயிருந்ததா என்று எப்போதாவது நினைத்துக்கொள்வேன். அக்காவிடம் கேட்டிருக்கலாம். கேட்டு, அவர் வேறு எதையாவது சொல்லிவிட்டால் அதை எப்படித் தாங்குவது என்று விட்டுவிட்டேன். முழங்கால் சிராய்ப்பு உண்மை. அது போதும்.

ஆடி முடிவதற்குள் பால் பழையபடி ஊறியது. குழந்தை வயிறு நிறைந்து, குடித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கினான். இனி அந்தக் கனவு வராது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் காலைத் தூக்கத்தில் வந்துவிட்டது.

அதே வாய்க்கால், அதே படி. குழந்தை நழுவினான். நான் எப்போதும்போல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, படித்துறைக்கு மேல் மரத்தடியில் யாரோ படுத்திருப்பது தெரிந்தது. என் மாமனார். பட்டப்பகல் வெளிச்சத்தில், பாய்கூட இல்லாமல், வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அது நடக்காத காரியம். உலகத்தில் வேறு எது நடந்தாலும் அது மட்டும் நடக்காது. ஆகவே இது கனவு என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்த அந்தக் கணத்தில் எல்லாம் துலங்கி நின்றது. தண்ணீருக்கு அடியில் கூழாங்கற்களைத் தனித்தனியாகப் பார்த்தேன். மாமனாரின் கன்னத்தில் ஓர் எறும்பு ஊர்ந்தது.

எழுந்துவிட்டு அக்காவிடம் சொல்ல ஓடினேன். அவர் அப்போதுதான் துப்பிப் பார்த்து நெசம் என்று முடிவு செய்திருந்தார்.

"தெரிஞ்சுதா!" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். "அப்பறம்? என்ன பண்ணுனே?"

"குழந்தையைத் தண்ணியிலிருந்து எடுத்தேங்கக்கா."

"கனான்னு தெரிஞ்சுமா?"

"கனவாவே இருக்கட்டும். குழந்தை தண்ணியில கெடக்கலாமா?"

"சரி, எடுத்தே. நனைஞ்சிருந்தானா?"

"இல்ல. சிரிச்சான்."

"அப்பறம்? எங்க பறந்தே? காவேரிக்கு மேலயா? சேலத்துக்கா, உங்க ஊட்டுக்காரரைப் பாக்கவா?"

"பறக்கலீங்கக்கா."

"பின்ன?"

எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "மாமாவுக்குப் பக்கத்துல நிழல் நல்லா இருந்துது. குழந்தையை மார்மேல போட்டுக்கிட்டு நானும் படுத்துத் தூங்கிட்டேன்."

அக்கா வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"கனாவுக்குள்ள போயா தூங்குனே? அட என்ற சாமி! வானத்தையே வளைச்சுப் போட்டிருக்கலாம். மலை மேல நின்னிருக்கலாம். உங்க மாமனாரைக் கூரை மேல வெச்சிருக்கலாம், ஆளு வேற கையெட்டற தூரத்துல கெடந்திருக்கறாரு! படிச்ச புள்ளைன்னு பாத்தா, போன எடத்துல பாய் விரிச்சிருக்குது!"

"தூக்கம் வந்துதுங்கக்கா" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கோபம் குறைந்து, என்னவோ கணக்குப் போடுபவர்போல் ஆனார். "அப்படித் தூங்குனயே, அந்தத் தூக்கத்துக்குள்ள என்ன கனா வந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணுமே வரலீங்கக்கா."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே."

"அப்பச் சரி" என்றார் அக்கா. "அது நல்ல தூக்கம்."

கனவில்லாத தூக்கத்தை அவர் நல்ல தூக்கம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.